மலக்குடல் புற்று ஆபரேஷன்: "சிக்கல் வர 28 சதவீதம்" என்கிறார்கள், இந்த எண்ணை எப்படி எடுத்துக்கொள்வது?

சிரியம்_மகன்

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு வயசு 68. மலக்குடலில் புற்று, ஆசனவாயிலிருந்து 7 சென்டிமீட்டர் மேலே. கதிர்வீச்சும் மாத்திரையும் முடிந்துவிட்டது, அடுத்தது ஆபரேஷன். ரங்கூனில் சர்ஜன் சயாவை (இங்கே டாக்டரை அப்படித்தான் கூப்பிடுவோம்) பார்த்தோம். அவசரப்படாமல் பேசுகிற மனுஷர். அப்பாவின் வயசு, சர்க்கரை, பிரஷர், சுருட்டுப் பழக்கம் எல்லாவற்றையும் ஒரு அமெரிக்க இணையதளத்தில் போட்டுவிட்டு ஸ்கிரீனை எங்கள் பக்கம் திருப்பினார். "ஏதாவது ஒரு சிக்கல்: 28 சதவீதம். சராசரிக்கு மேல்." கீழே இன்னும் பத்துப் பன்னிரண்டு வரி இருந்தது, அதை நாங்கள் யாரும் படிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததிலிருந்து ஒரே வாக்குவாதம். "நாலு பேர்ல ஒருத்தர் போய்ச் சேர்ந்துருவாங்கன்னு அவரே சொல்லிட்டாரு, எதுக்குக் கத்தி வைக்கணும்" என்கிறார் சித்தப்பா. தங்கச்சி மெட்ராஸுக்குக் கூட்டிப் போகலாம் என்கிறாள். அப்பா வாய் திறக்கவில்லை. ஹீமோகுளோபின் 9.6, அல்புமின் என்ற ரத்தப் புரதம் 3.1. உடம்பு நன்றாக இளைத்திருக்கிறது.

இந்த 28 என்பதை நம்பலாமா? நம்பினால் என்ன செய்ய வேண்டும்?

மாந்தலைக்_கணக்கர்

தம்பி, முதல் வேலையாகச் சித்தப்பாவிடம் சொல்லுங்கள்: 28 சதவீதம் என்பது சாவுக்கான எண் இல்லை. நீங்கள் படிக்காமல் விட்ட வரிகளில் சாவுக்குத் தனி எண் இருந்திருக்கும், அது இதைவிடப் பல மடங்கு சிறியதாகத்தான் இருக்கும். சயாவிடம் கேட்டு அதையும் எழுதி வாங்குங்கள்.

"ஏதாவது ஒரு சிக்கல்" என்ற கூடைக்குள் எல்லாம் கிடக்கிறது. ஆன்டிபயாட்டிக்கில் சரியாகும் மூத்திரத் தொற்று, மேல் தோலில் சீழ், நிமோனியா, காலில் ரத்தக்கட்டு, மறுபடி வயிற்றைத் திறப்பது என்று எல்லாம் ஒரே எண்ணுக்குள். மருத்துவர்கள் இதைத் தரம் பிரிக்க கிளேவியன்-டிண்டோ என்ற வகைப்பாட்டை வைத்திருக்கிறார்கள், 2004இல் வந்தது. கூடுதல் மருந்து இல்லாமலே சமாளிக்கக்கூடியது முதல் தரம். ஆன்டிபயாட்டிக், ரத்தம் ஏற்றுவது இரண்டாம் தரம். ஊசி குத்திச் சீழை வடித்தோ கத்தி வைத்தோ எதாவது செய்ய வேண்டி வந்தால் மூன்று. ஐ.சி.யூ. போனால் நான்கு. இறப்பு ஐந்து. குடும்பம் பயப்பட வேண்டியது மூன்றிலிருந்து மேலே. அதற்கு என்ன எண் என்று கேளுங்கள்.

இனி அந்த இணையதளம். சயா பார்த்தது அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரியின் கணிப்பான் என்று நினைக்கிறேன். 2013இல் வெளிவந்தபோது 393 மருத்துவமனைகள், 14 லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள் என்று பெரிய தரவின் மேல் கட்டியது. நேர்மையான வேலை. ஆனால் அத்தனையும் அங்கத்திய மருத்துவமனைகள். இரவு இரண்டு மணிக்கு சி.டி. ஸ்கேன் எடுக்க முடிகிற இடம், சில நோயாளிகளுக்கு ஒரு நர்ஸ் என்று இருக்கிற இடம். அந்த எண்ணை அப்படியே இங்கே பொருத்துவது மெட்ராஸ் பஸ் அட்டவணையை வைத்துக்கொண்டு சூலே பகோடா பக்கத்தில் பஸ்ஸுக்கு நிற்பது மாதிரி.

கணிப்பு சரியா என்று பார்க்க இரண்டு கேள்வி உண்டு. அதிக ஆபத்துள்ளவரையும் குறைந்த ஆபத்துள்ளவரையும் பிரித்துக் காட்டுகிறதா? 28 என்று சொன்ன நூறு பேரில் உண்மையிலேயே ஏறக்குறைய 28 பேருக்கு வருகிறதா? நாடு மாறினால் முதல் கேள்வியில் ஓரளவு தாக்குப்பிடிக்கும், இரண்டாவதில் தடுமாறும். ஆகவே "சராசரிக்கு மேல்" என்பதை நம்புங்கள். 28 என்ற இலக்கத்தின் மேல் வீட்டில் சண்டை போடாதீர்கள்.

பெகுப்_பெரியவர்

எனக்கும் இதே ஆபரேஷன்தான், வயிற்றில் மலப் பை வைத்து, பிறகு பையை எடுத்து, இப்போது தினமும் சந்தைக்கு நடந்து போகிறேன். எனக்கு யாரும் சதவீதம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஓடிப்போயிருப்பேன். தம்பி, வயசான மனுஷர் முன்னால் ஸ்கிரீனைத் திருப்புவது என்ன பழக்கம்? டாக்டருக்குத் தெரிந்தால் போதாதா? புற்றை அப்படியே விட்டால் 100 சதவீதம் என்று யாராவது அவருக்குச் சொன்னார்களா?

மாந்தலைக்_கணக்கர்

ஐயா, கடைசிக் கேள்வி மிகச் சரி. ஆபரேஷன் ஆபத்தைத் தனியாக வைத்துப் பார்க்கக் கூடாது, செய்யாவிட்டால் என்ன என்பதற்குப் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஆனால் மறைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. உடம்பு அவருடையது.

மயக்கமருந்து_டாக்டர்

நானும் இந்த ஊர் மருத்துவமனைகளில்தான் வேலை பார்க்கிறேன். கணக்கர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன்: அந்தக் கணிப்பானில் இல்லாதவை எவை என்பது இந்த அப்பாவின் விஷயத்தில் ரொம்ப முக்கியம்.

அல்புமின் அதில் கேள்வியாகவே இல்லை. ஹீமோகுளோபின் இல்லை. கட்டி எத்தனை சென்டிமீட்டர் உயரத்தில் என்பது இல்லை. கதிர்வீச்சு கொடுத்ததா என்பதும் இல்லை. மலக்குடல் ஆபரேஷனில் நாங்கள் ராத்திரி தூங்காமல் யோசிப்பது குடல் இணைப்பு கசிவதைப் பற்றி. கட்டியை வெட்டியெடுத்தபின் மேல் குடலையும் கீழ் மலக்குடலையும் இணைக்கிற இடத்தில் சின்னதாக விட்டுப்போனால் மலம் இடுப்புக் குழிக்குள் கசியும். இணைப்பு எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு ஆபத்து. ஆணாக இருந்தால் இடுப்பு குறுகல், கை போக இடமில்லை, ஆபத்து கூடும். கதிர்வீச்சு பட்ட திசு, சுருட்டுப் பிடிப்பதால் சுருங்கிய ரத்தக்குழாய், 3.5க்குக் கீழே அல்புமின், கட்டுப்படாத சர்க்கரை, எல்லாமே அந்தத் தராசில் ஒரே தட்டில் விழுபவை. வலது பக்கப் பெருங்குடல் ஆபரேஷனில் கசிவு நூற்றில் சில பேருக்கு. கீழ் மலக்குடலில் பத்துப் பேருக்கு ஒருவர், சில இடங்களில் அதற்கும் மேல்.

இங்கிலாந்தில் இருந்து வந்த சி.ஆர்.-பாஸம் என்ற கணக்கும் உண்டு, 2004இலிருந்து. அதில் யூரியா, ஹீமோகுளோபின், நாடி, ரத்த அழுத்தம் எல்லாம் வரும். ஆனால் வயிற்றைத் திறந்தபின் தெரியும் சில விவரங்களும் அதற்கு வேண்டும், அது சொல்வதும் சாவுக்கான எண்தான். கசிவைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

பெகு ஐயா, உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் எண்ணைச் சொல்வதால் ஒரு பெரிய நன்மை இருக்கிறது. மேலே நான் அடுக்கியதில் வயசையும் இடுப்பையும் மாற்ற முடியாது. சுருட்டை நிறுத்த முடியும். சர்க்கரையைக் கட்ட முடியும். உடம்பைத் தேற்ற முடியும். கதிர்வீச்சுக்குப் பின் ஆபரேஷனுக்குச் சில வாரம் எப்படியும் காத்திருக்கிறோம். அந்த வாரங்களை வீணாக்கக் கூடாது.

சிரியம்_மகன்

டாக்டர், என்னென்ன செய்யலாம் என்று கொஞ்சம் விவரமாகச் சொல்ல முடியுமா? அப்பா இப்போது காலையில் வெறும் கஞ்சிதான் குடிக்கிறார். "புற்றுக்காரனுக்கு மீன், முட்டை ஆகாது" என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார்கள்.

மயக்கமருந்து_டாக்டர்

முதலில் அந்தப் பேச்சைக் காதில் போடாதீர்கள். அவருக்கு இப்போது வேண்டியதே மீனும் முட்டையும்தான். கஞ்சிக்குப் பதில் வேகவைத்த பட்டாணியும் நான் ரொட்டியும், இரண்டு முட்டை. மத்தியானம் மீன். சாயங்காலம் மொஹிங்கா (மீன் குழம்பில் அரிசி நூடுல்ஸ்) சாப்பிட்டால் குழம்பை மட்டும் குடிக்காமல் மீனும் முட்டையுமாகச் சாப்பிடச் சொல்லுங்கள். மலக்குடலில் அடைப்பு அறிகுறி இருந்தால், வயிறு உப்புசம், வாந்தி இருந்தால், முழுப் பட்டாணியும் நார்ச்சத்தும் வேண்டாம், சர்ஜனிடம் உடனே சொல்லுங்கள்.

அல்புமின் பற்றி ஒரு எச்சரிக்கை. நாலு நாள் முட்டை கொடுத்துவிட்டு மறுபடி ரத்தம் எடுத்து "ஏறலையே" என்று மனசு விடாதீர்கள். அல்புமினின் பாதி ஆயுள் மூன்று வாரத்துக்குக் கிட்ட. அதோடு கட்டி உண்டாக்கும் அழற்சியே அதைக் கீழே இழுக்கும். ஆகவே அது சாப்பாட்டுக்கான மதிப்பெண் மட்டும் இல்லை. அவர் எடை நிற்கிறதா, மாடிப்படி ஏறுகிறாரா என்று பாருங்கள்.

நடக்க வையுங்கள், மூச்சு வாங்கும் அளவுக்கு. நெதர்லாந்தை மையமாக வைத்து நடந்த ஒரு ஆய்வு 2023இல் வெளிவந்தது. பெருங்குடல், மலக்குடல் புற்று நோயாளிகள் 251 பேர். ஒரு பாதிக்கு ஆபரேஷனுக்கு முன் நாலு வாரம் கடுமையான உடற்பயிற்சி, புரதம், மனத்தைத் தேற்றும் பேச்சு, புகை நிறுத்தம் எல்லாம் சேர்த்துக் கொடுத்தார்கள். கடுமையான சிக்கல் அவர்களில் 17.1 சதவீதம், மற்றவர்களில் 29.7. அந்தப் பயிற்சி சைக்கிள் யந்திரத்தில், ஆள் வைத்துச் செய்தது. வீட்டைச் சுற்றி நடப்பது அதற்கு ஈடாகாது. ஆனாலும் படுத்துக் கிடப்பதை விட எவ்வளவோ மேல்.

சுருட்டை இன்றைக்கே நிறுத்தணும். நாலு வாரமாவது ஆகணும். வெற்றிலையோடு போடும் புகையிலையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ரத்தசோகைக்கு இரும்பு ஊசி போடுவார்கள், போடட்டும், களைப்பு குறையும். ஆனால் அதனால் சிக்கல் குறைந்துவிடும் என்று நம்பி இருக்க வேண்டாம். 2020இல் பிரிட்டனில் வந்த பெரிய ஆய்வில் ஆபரேஷனுக்கு முன் இரும்பு ஏற்றியவர்களுக்கு ஹீமோகுளோபின் ஏறியது, ஆனால் ரத்தம் ஏற்ற வேண்டி வருவதோ இறப்போ குறையவில்லை. நல்லது என்று தோன்றுவதெல்லாம் கணக்கில் ஜெயிப்பதில்லை.

மோல்மேன்_மருமகள்

நான் சொல்ல வந்தது வேறு. எங்கள் மாமியாருக்கு ஆபரேஷனுக்கு முன்னால் போட்ட கணக்கு எல்லாமே நல்லபடியாகத்தான் இருந்தது. சர்க்கரை இல்லை, வயசும் 60க்குக் கீழே, ஒல்லியான உடம்பு. "ஆபத்து குறைவு" என்றே எழுதினார்கள். ஆபரேஷனும் நன்றாக முடிந்தது. நாலாம் நாள் சாயங்காலம் மூச்சு வாங்க ஆரம்பித்தது. நெஞ்சு படபடப்பு. இதய டாக்டரைக் கூப்பிட்டார்கள், ஈ.சி.ஜி. எடுத்தார்கள், துடிப்பு தாறுமாறாக இருக்கிறது என்று மாத்திரை கொடுத்தார்கள். மறுநாளும் இதயம், நுரையீரல் என்றே பேச்சு. அத்தை "தோள்பட்டை வலிக்குது" என்றார்கள், படுத்த வாக்கு சரியில்லை என்று தலையணை மாற்றினார்கள். வயிற்றை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை.

கசிவுதான். தெரிந்தபோது சீழ் வயிறு முழுக்கப் பரவியிருந்தது. மறுபடி திறந்தார்கள், ஐ.சி.யூ.வில் ரொம்ப நாள். இப்போது உயிரோடு இருக்கிறார்கள், அது கடவுள் செயல். ஆனால் "ஆபத்து குறைவு" என்ற அந்த ஒரு வார்த்தையே எல்லார் கண்ணையும் கட்டிவிட்டது என்று நான் நினைக்கிறேன். அதனால்தான் முன்கணிப்பு என்றாலே எனக்கு வயிறு எரிகிறது.

வார்டு_அக்கா

மோல்மேன் தங்கச்சி எழுதினதைப் படிச்சிட்டு மனசு கேக்கல. நான் சர்ஜிகல் வார்டுல சயாமாவா, அதாவது நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவ. நீங்க சொன்ன மாதிரி நான் நிறையப் பாத்துட்டேன்மா. குடல் கசியும்போது முதல்ல கத்துறது பல சமயம் வயிறு இல்ல. இதயமும் மூச்சும்தான். புதுசா துடிப்பு தப்புறது, மூச்சு வேகம் கூடுறது, வயசானவங்களுக்கு திடீர்னு பேச்சு குழறுறது, ஆளைத் தெரியாம பேசுறது. குடல் ஆபரேஷன் ஆன அஞ்சாம் நாள் ஒருத்தருக்கு இதயம் படபடன்னா, வேற காரணம் நிரூபணம் ஆகிறவரைக்கும் அது வயித்துல இருந்துதான்னு வச்சுக்கணும். எங்க பழைய சர்ஜன் சயா எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக் குடுத்தார்.

சிரியம் தம்பி, நீங்க 28ஐப் பத்திக் கேட்டீங்க. நான் நாடியைப் பத்திச் சொல்றேன். அந்தக் கட்டில் தலைமாட்டுல ஒரு சார்ட் தொங்கும். அதுல நாடி வரிசையை மட்டும் பாருங்க. முத நாள் 96, ரெண்டாம் நாள் 90, மூணாம் நாள் 84ன்னு இறங்கணும். நாலாம் நாள் 98, ராத்திரி 108ன்னு திரும்பி ஏறினா, காய்ச்சல் இல்லாட்டியும், "எனக்கு ஒண்ணுமில்ல"ன்னு அப்பா சொன்னாலும், நீங்க போயி சயாமாவக் கூப்பிடணும். மூச்சையும் எண்ணுங்க. வாட்ச் வச்சு ஒரு நிமிஷம் முழுசா. நம்ம ஊர்ல வார்டுல நர்ஸ் கொறச்சல், ராத்திரி ஒருத்தி எத்தனை கட்டிலப் பாப்பா? துணைக்கு இருக்கிற வீட்டாளுங்கதான் கண்ணு. பிரஷருக்கு பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுறவரா இருந்தா நாடி ஏறாம மறைச்சிரும், அதயும் கேட்டு வச்சுக்கோங்க.

மாந்தலைக்_கணக்கர்

அக்கா சொன்னதுதான் இந்த இழையின் மையம் என்று நினைக்கிறேன். அதற்கு எண் ஆதாரமும் இருக்கிறது. குளோபல்சர்ஜ் என்ற கூட்டமைப்பு 82 நாடுகள், 428 மருத்துவமனைகள், 15,958 புற்று அறுவை நோயாளிகளை வைத்து 2021இல் ஒரு ஆய்வு வெளியிட்டது. மார்பு, இரைப்பை, பெருங்குடல் புற்றுகள். பணக்கார நாடுகளோடு ஒப்பிட்டால், ஏழை நாடுகளிலும் கீழ்நடுத்தர வருமான நாடுகளிலும் பெருங்குடல் அறுவைக்குப்பின் 30 நாளுக்குள் இறப்பு தெளிவாகக் கூடுதல். ஆனால் வேறுபாடு மிகப் பெரிதாகத் தெரிந்த இடம், பெரிய சிக்கல் வந்தபின் இறப்பவர்கள் எத்தனை பேர் என்பது. நோயின் கட்டம், உடல்நிலை எல்லாவற்றையும் கணக்கில் எடுத்தபின்னும் அதற்கான வாய்ப்பு விகிதம் 6 மடங்கைத் தாண்டியது.

அதாவது சிக்கல் எல்லா நாட்டிலும் வருகிறது. வந்ததை நேரத்தோடு பிடித்து மீட்பதில்தான் நாம் தோற்கிறோம். ஆகவே மோல்மேன் சகோதரி, உங்கள் கோபத்தை நான் ஏற்கிறேன். "ஆபத்து குறைவு" என்ற சொல், கண்ணை மூடிக்கொள்ள அனுமதிச் சீட்டு ஆகக் கூடாது. நூறு குறைந்த ஆபத்துக்காரர்களில் ஐந்து பேருக்கு வரும் என்றால், அந்த ஐந்து பேர் யார் என்று எந்தக் கணிப்பானும் பெயர் சொல்லாது. அது அதன் வேலையே இல்லை.

பெகுப்_பெரியவர்

அப்போ சர்ஜனுக்குத் தெரியாதா? கையால் தைத்தவருக்குத் தன் தையல் எப்படி என்று தெரியுமே.

மயக்கமருந்து_டாக்டர்

ஐயா, அதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நெதர்லாந்தில் 2009இல் ஒரு ஆய்வு: ஆபரேஷன் முடிந்ததும் "இது கசியுமா" என்று சர்ஜன்களையே மதிப்பிடச் சொன்னார்கள். அவர்கள் எதிர்பார்த்ததும் நடந்ததும் சரியாக ஒத்துப்போகவில்லை, ஆபத்தைக் குறைத்தே மதிப்பிட்டார்கள். அதற்காக அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இணைப்பு அன்றைக்கு நன்றாகத்தான் இருக்கும். ரத்த ஓட்டம் குறைந்து திசு விடுவது பிறகுதான்.

அதனால்தான் ஆபரேஷனுக்கு முன் போடும் கணக்கை விட, பின்னால் தினமும் போடும் கணக்கு எனக்குப் பிடிக்கும். சி.ஆர்.பி. என்ற, உடம்பின் அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆபரேஷன் ஆனாலே அது ஏறும், இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சம், பிறகு இறங்கும். 2014இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து எல்லைகள் சொன்னார்கள்: மூன்றாம் நாள் 172, நாலாம் நாள் 124, ஐந்தாம் நாள் 144 மில்லிகிராம் லிட்டருக்கு. இதற்குக் கீழே இருந்தால் கசிவு இல்லை என்பது நூற்றில் 97 சரி. ஆனால் இதற்கு மேலே இருந்தால் கசிவு உண்டு என்று அர்த்தம் இல்லை. அப்படி மேலே போனவர்களில் நாலைந்து பேரில் ஒருவருக்குத்தான் கசிவு இருந்தது. ஆகவே இது "வீட்டுக்கு அனுப்பலாமா" என்ற கேள்விக்கு நல்ல பதில், "வயிற்றைத் திறக்கலாமா" என்பதற்கு இல்லை. அதற்கு ஸ்கேனும் கைவைத்துப் பார்ப்பதும் வேண்டும்.

விலை அதிகமில்லாத பரிசோதனை. எங்கள் ஊரில் எந்தப் பெரிய லேபிலும் எடுக்கலாம்.

வார்டு_அக்கா

டாக்டர் சொன்னது சரி, ஆனா ஒண்ணு சேத்துக்கறேன். கரண்டு போயி லேப் மெஷின் நின்ன ராத்திரியும் எங்களுக்கு உண்டு. ரிசல்ட் மறுநா மத்தியானம் வரும். நாடியும் மூச்சும் கரண்டு கேக்காது. சி.ஆர்.பி. வரட்டும்னு காத்திருந்து ஆளைக் கோட்டை விட்றக்கூடாது.

மயக்கமருந்து_டாக்டர்

முழுக்க உடன்படுகிறேன், சயாமா.

சிங்கப்பூர்ல_பொறியாளன்

இந்த நேரத்தில் ஏ.ஐ. பற்றி யாரும் பேசவில்லையே? ஸ்கேன் படத்தையும் ரத்த ரிப்போர்ட்டையும் கொடுத்தால் கசிவைக் கணிக்கும் மாடல்கள் பற்றி நிறைய வருகிறது.

மாந்தலைக்_கணக்கர்

நிறைய வருகிறது, உண்மை. பெரும்பாலானவை ஒரே மருத்துவமனையின் பழைய தரவில் பழக்கி, அதே தரவின் மிச்சத்தில் சோதித்தவை. வேறு ஊர் நோயாளிகளிடம் கொண்டுபோய்ச் சோதித்தவை குறைவு. அந்த மாடலைப் பார்த்து மருத்துவர் நடத்தையை மாற்றியதால் நோயாளி பிழைத்தார் என்று காட்டியவை இன்னும் குறைவு. ஒன்று மட்டும் பிடித்திருக்கிறது: புற்றுக்காக எப்படியும் எடுக்கும் சி.டி. படத்திலேயே, இடுப்புக்கு மேல் மூன்றாவது முள்ளெலும்பு மட்டத்தில் தசையின் பரப்பை அளக்கலாம். தசை கரைந்தவருக்குச் சிக்கல் கூடும். எடை மட்டும் பார்த்தால் அது தெரியாது, குண்டாக இருப்பவரிடமும் தசை கரைந்திருக்கும். நாளைக்கு இந்த அளவையை எளிதாக்கினால் அதுவே பெரிய உதவி. சிரியம் தம்பிக்கு இன்றைக்கு அது பயன்படாது. அப்பா நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுகிறாரா என்று பார்க்கச் சொல்லுங்கள், அதுவே நிறையச் சொல்லும்.

சிரியம்_மகன்

எல்லாருக்கும் நன்றி. அப்பாவை உட்கார வைத்து நானே படித்துக் காட்டினேன். 28ஐப் பற்றிச் சொன்னபோது, "அப்போ 72 இருக்குல்ல" என்றார். அதற்குப் பிறகு சித்தப்பா பேசவில்லை.

சுருட்டை நிறுத்திவிட்டார், எரிச்சலாக இருக்கிறார். முட்டை சாப்பிடுகிறார். சாயங்காலம் ஆற்றுப்பக்கம் தம்பி கூட்டிப் போகிறான்.

சர்ஜன் சயாவை மறுபடி பார்த்தேன். மூன்றாம் தரத்துக்கு மேலான சிக்கல், சாவு, கசிவு என்று தனித்தனியாகக் கேட்டேன், பொறுமையாகச் சொன்னார். அல்புமின், கதிர்வீச்சு எல்லாம் சேர்த்துப் பார்த்தால் கசிவு ஆபத்து கணிப்பான் சொல்வதை விட அதிகம் என்று அவரே சொல்லி, அதனால் தற்காலிகமாக இலியோஸ்டமிப் பை (சிறுகுடலை வயிற்றுத் தோலில் திறந்து மலத்தைப் பையில் விடுவது) வைக்கப் போவதாகச் சொன்னார். அப்பாவுக்குப் பைதான் பெரிய கவலை. இது அவசியமா?

மெட்ராஸ் போகலாமா என்பதும் இன்னும் முடிவாகவில்லை.

மயக்கமருந்து_டாக்டர்

உங்கள் சர்ஜன் நன்றாக யோசித்திருக்கிறார். முன்கணிப்பு என்பது இப்படித்தான் பயன்படவேண்டும். ஆபத்து அதிகம் என்று தெரிந்ததும் ஆபரேஷன் திட்டமே மாறியிருக்கிறது, பாருங்கள். மலத்தைச் சிறுகுடலிலேயே வெளியே திருப்பிவிட்டால் கீழே இணைப்பு ஆற நேரம் கிடைக்கும். ஸ்வீடனில் 234 பேரைச் சீட்டுப் போட்டுப் பிரித்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், பை இல்லாதவர்களில் அறிகுறியோடு கூடிய கசிவு 28 சதவீதம், பை வைத்தவர்களில் 10.3. கசிவே வராது என்றில்லை. வந்தாலும் விஷம் குறைவு, பெரும்பாலும் மறுபடி வயிற்றைத் திறக்காமல் சமாளிக்கலாம்.

பெகுப்_பெரியவர்

பையைப் பற்றி அப்பாவை என்னிடம் பேசச் சொல்லுங்கள் தம்பி, தனியாகச் செய்தி அனுப்புகிறேன். லுங்கியை எங்கே கட்டுவது என்பதிலிருந்து கோவிலுக்குப் போவது வரைக்கும் சொல்கிறேன். டாக்டர்களுக்கு அது தெரியாது.

மோல்மேன்_மருமகள்

மெட்ராஸ் விஷயத்தில் என் கருத்து: ஆபரேஷன் எங்கே என்பதை விட, ஆபரேஷனுக்குப்பின் அந்தச் சர்ஜன் எத்தனை நாள் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பார் என்று பாருங்கள். அங்கே செய்துகொண்டு பத்தாம் நாள் விமானம் ஏறி வந்துவிட்டு, இங்கே காய்ச்சல் வந்தால் யாரிடம் போவீர்கள்? போவதானால் ஒரு மாதமாவது தங்குகிற மாதிரி போங்கள். இங்கேதான் என்றால் ஒன்று கேளுங்கள்: ராத்திரியில் சி.டி. எடுக்க முடியுமா, முடியாவிட்டால் எங்கே அனுப்புவார்கள், அதற்கு யார் உத்தரவு போடவேண்டும்? இதை முன்கூட்டிக் கேட்க எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

சிரியம்_மகன்

கேட்டேன் அக்கா. ஸ்கேன் அங்கேயே இருக்கிறது, ஜெனரேட்டரில் ஓடும், ராத்திரி ஆளைக் கூப்பிட்டு எடுப்பார்கள் என்றார்கள். இங்கேயே செய்வது என்று முடிவாகிவிட்டது, அப்பாவின் முடிவு. தங்கச்சி வந்து கூட இருக்கிறேன் என்கிறாள். வீட்டுக்கு அனுப்பியபின் என்னென்ன கவனிக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் எழுதி வைத்துக்கொள்வேன். அப்போது வெயில் காலமாக இருக்கும்.

வார்டு_அக்கா

தம்பி, வீட்டுக்குன்னா நேரா சிரியம் போகாதீங்க. ஆத்துக்கு இந்தப் பக்கம் ரங்கூன்லயே சொந்தக்காரங்க வீட்ல ரெண்டு வாரம் தங்குங்க. கசிவு ஆஸ்பத்திரிய விட்டுப் போனபிறகு வர்றதும் உண்டு, ராத்திரி பாலம் தாண்டி ஓடிவர்றது கஷ்டம். காய்ச்சல், குளிர் நடுக்கம், அடிவயிறு வலி கூடுறது, ஆசனவாய் வழியா சீழோ ரத்தமோ, இதுல ஒண்ணு இருந்தாலும் காலையில பாக்கலாம்னு இருக்கக் கூடாது.

வெயில் காலம்னு சொன்னீங்களே, அதுதான் எனக்குக் கவலை. இலியோஸ்டமி வச்சவங்க திரும்ப ஆஸ்பத்திரிக்கு வர்றதுக்குப் பெரிய காரணம் நீர் வத்திப் போறது, கிட்னி கெட்டுப் போறது. தங்கச்சிகிட்ட அளவு போட்ட ஜக் ஒண்ணு வாங்கச் சொல்லுங்க. பையக் காலி பண்ணும்போதெல்லாம் அதுல ஊத்தி அளந்து நோட்ல எழுதணும். ஒரு நாளைக்கு ஒண்ணரை லிட்டருக்கு மேல போனா போன் பண்ணுங்க. அந்த நேரத்துல தாகத்துக்கு வெறும் தண்ணிய மடமடன்னு குடிச்சா இன்னும் கூடத்தான் போகும், உப்பும் சேந்து போயிரும். ஓ.ஆர்.எஸ். கரைச்சு கொஞ்சம் கொஞ்சமாக் குடுங்க, சர்க்கரை இருக்கிறதால எவ்வளவுன்னு டாக்டர்கிட்டக் கேட்டுக்கோங்க. மூத்திரம் கம்மியா, கரும் மஞ்சளாப் போனாலும், எழுந்து நின்னா தலை சுத்தினாலும் அதே சேதிதான். பிரஷர் மாத்திரையில நீர் பிரியற மாத்திரை இருந்தா அத நிறுத்தணுமான்னு டிஸ்சார்ஜ் அன்னிக்கே கேட்டுருங்க, மறந்துருவாங்க.

ரத்தம் கட்டாம இருக்க ஊசி குடுத்தா, புற்று ஆபரேஷனுக்கு நாலு வாரம் போடச் சொல்வாங்க. நல்லா இருக்காருன்னு நடுவுல விட்றாதீங்க. வயித்துல போடற சின்ன ஊசிதான், தங்கச்சி வார்டுலயே கத்துக்கலாம். சயாமாகிட்ட மூணு தரம் முன்னால போட்டுக் காட்டச் சொல்லுங்க, நாலாவது தங்கச்சி போடட்டும்.